அசாம்காரங்களும் பெங்காலிகளும் ஒண்ணுதானா? கொஞ்சம் நீளமாவே சொல்றேன்

கேள்வி இதுதான்: "எங்க அபார்ட்மென்ட்ல செக்யூரிட்டியா இருக்குற பையன் அசாம். போன்ல பேசுறது பெங்காலி மாதிரியே இருக்கு, எழுத்தும் அதேதான். நீ பெங்காலியான்னு கேட்டா மூஞ்சி சுருங்கிடுது. ரெண்டும் ஒண்ணுதானே? அசாமீஸ்னு தனியா ஒரு இனம், கலாச்சாரம்லாம் இருக்கா? அடுத்த வருஷம் அந்தப் பக்கம் போய்ப் பாக்கலாம்னு ஒரு ஐடியா, எப்ப போனா நல்லது?"

நேரா சொல்லிடறேன், ஒண்ணு இல்ல. ரெண்டு மொழியும் மாகதி பிராகிருதத்துலேர்ந்து பிரிஞ்சு வந்த கிழக்குக் கிளை, ஒடியாவும் அதுலதான் வரும், அந்த வரைக்கும் உறவு உண்மைதான். ஆனா அசாமீஸ் பெங்காலியோட ஒரு பேச்சுவழக்குன்னு ஜோர்ஹாட்ல போய் சொன்னீங்கன்னா, திருச்சூர்ல நின்னு மலையாளம் தமிழோட ஒரு ஸ்லாங்குன்னு சொன்ன மாதிரி ஆகும், அதைவிட கோவம் கொஞ்சம் ஜாஸ்தியாவே வரும். அந்தப் பையன் மூஞ்சி சுருங்கினதுக்குப் பின்னாடி கிட்டத்தட்ட 200 வருஷக் கதை இருக்கு. நான் வேலை விஷயமா ஜோர்ஹாட்லயும் அப்புறம் குவாஹாட்டிலயும் சில வருஷம் இருந்தவன், அங்க பாத்தது, பிற்பாடு படிச்சது ரெண்டையும் சேர்த்துதான் சொல்றேன்.

மொழிலேர்ந்து ஆரம்பிப்போம். காதைக் கொஞ்சம் பழக்கிட்டீங்கன்னா ஒரு நிமிஷத்துல ரெண்டையும் பிரிச்சுடலாம். பெங்காலில 'ஸ' வர்ற இடமெல்லாம் பெரும்பாலும் 'ஷ' ஆயிடும். அசாமீஸ்ல அதே இடத்துல தொண்டைலேர்ந்து ஒரு சத்தம் வரும், நாம 'பகல்', 'மகன்'னு சொல்றப்போ நடுவுல வர்ற 'க' இருக்கே, அதையே இன்னும் காத்தோட அழுத்திச் சொன்னா கிட்டத்தட்ட வந்துரும். அதனால அவங்க ஊரை அவங்க அஸ்ஸாம்னு சொல்றதில்ல, 'ஒகொம்'னுதான் சொல்வாங்க, மொழி 'ஒகொமியா'. அதேபோல 'ச' வர்ற இடத்துல 'ஸ' வரும், டீக்கு அங்க 'ஸாஹ்'. இன்னொரு விஷயம், நமக்கு ட வேற த வேற, பெங்காலிக்கும் அப்படித்தான், ஆனா அசாமீஸ்ல எழுத்து மட்டும்தான் வேற வேற, சத்தம் ஒண்ணேதான். நாக்கு பல்லுலயும் படாது மேல மடங்கவும் மடங்காது, இங்கிலீஷ்ல டீ எழுத்தைச் சொல்ற மாதிரி நடுவுல ஈறுகிட்ட நிக்கும். அவங்க ஹிந்தி பேசுறப்போ 'தும்' பாதி 'டும்' மாதிரி கேக்குறது அதனாலதான். சுத்தி இருக்குற போடோ, திமாசா, தாய் மாதிரியான மொழிகளோட பல நூற்றாண்டு பழகினதுல இப்படி ஆச்சுன்னு மொழியியல்காரங்க சொல்றாங்க.

இலக்கணத்துலயும் ஒரு சூப்பர் குழப்பம் இருக்கு. பெங்காலில 'ஆமி'ன்னா 'நான்'. அசாமீஸ்ல 'ஆமி'ன்னா 'நாங்க', நான்ங்கறதுக்கு 'மொய்'. எனக்குத் தெரியாதுன்னு பெங்காலி 'ஜானி நா'ம்பார், இல்லைங்கறது பின்னாடி ஒட்டும். அசாம்காரர் 'நாஜானு'ம்பார், இல்லைங்கறது முன்னாடியே வந்துரும். எனக்கு ரொம்பப் பிடிச்சது உறவுப்பேர் விஷயம், அப்பாவுக்கு 'தேவுதா', ஆனா அது யாரோட அப்பாங்கறதைப் பொறுத்து அந்த வார்த்தையே மாறும், என் அப்பா தேவுதா, உன் அப்பா தேவுதாரா, அவன் அப்பா தேவுதாக். பெங்காலில இது கிடையாது. எழுத்தைப் பொறுத்தவரை நீங்க சொன்னது கிட்டத்தட்ட சரி, 'ர'வும் 'வ'வும்தான் கண்ணுக்குத் தெரியுற வித்தியாசம், மத்ததெல்லாம் பொது. கம்ப்யூட்டர்ல யூனிகோடு அட்டவணைல இந்த எழுத்துக்கெல்லாம் பெங்காலின்னு பேர் வெச்சிருக்கறது அங்க ரொம்ப நாளா இருக்குற ஒரு குறை, வெளியூர்க்காரனுக்கு இதுக்கெல்லாம் ஒரு சண்டையான்னு தோணும், அடுத்த பாராவைப் படிச்சா தோணாது.

1826ல யாண்டபூ ஒப்பந்தத்துக்கு அப்புறம் பர்மாக்காரங்க கைலேர்ந்து அசாம் பிரிட்டிஷ்காரங்க கைக்கு வந்துச்சு. 1836ல கோர்ட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பெங்காலிதான் மொழின்னு அறிவிச்சுட்டாங்க. ஆபீஸ் நடத்த ஏற்கனவே ட்ரெய்னிங் ஆன குமாஸ்தாக்கள் வங்காளத்துல ரெடியா இருந்தாங்க, அவங்களைக் கூட்டிட்டு வந்துட்டா வேலை சுலபம், அதான் முக்கியக் காரணம்னு நான் நினைக்கிறேன். அசாம்ல பொதுவா சொல்ற வெர்ஷன் வேற, வங்காளி குமாஸ்தாக்கள் துரைங்க காதுல இது தனி மொழியே இல்லன்னு ஓதிட்டாங்கன்னு. எதுவா இருந்தாலும் விளைவு ஒண்ணுதான், 37 வருஷம், அதாவது ஒரு தலைமுறைக்கும் மேல, அசாம் பசங்க சொந்த ஊர் ஸ்கூல்ல வேற மொழில படிச்சாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா அவங்களுக்காக முதல்ல சத்தம் போட்டவங்கள்ல அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகள் முக்கியமானவங்க. மதம் பரப்ப வந்தாங்க, அதுல பெருசா ஜெயிக்கல, ஆனா சிவசாகர்ல பிரஸ் போட்டு 1846லேர்ந்து 'ஒருணோதோய்'னு ஒரு மாசப் பத்திரிகை நடத்தினாங்க. நேத்தன் பிரவுன் இலக்கணம் எழுதினார், மைல்ஸ் பிரான்சன் 1867ல அகராதி போட்டார். உள்ளூர்ல ஆனந்தராம் டேக்கியால் புக்கன்னு ஒரு அரசு அதிகாரி, இது தனி மொழிதான்னு ஆதாரத்தோட இங்கிலீஷ்ல ஒரு சின்ன புஸ்தகமே எழுதினார், பாவம் 30 வயசு முடியறதுக்குள்ள போய்ட்டார். கடைசில 1873ல அசாமீஸ் திரும்ப வந்துச்சு. பிரஸ் சிவசாகர்ல இருந்ததால கிழக்கு அசாம் பேச்சுதான் இன்னிக்கு ஸ்டாண்டர்ட், மேற்குல காம்ரூப், கோவால்பாரா பக்கத்து ஆளுங்க பேச்சு வேற தினுசு, அதை குவாஹாட்டிலயே கிண்டல் பண்றவங்க உண்டு.

சரி, அசாமீஸ்னா யாரு? இதுதான் உங்க கேள்வில உண்மையான கஷ்டமான பகுதி. ரத்தம், ஜாதி, மதம் எதை வெச்சும் கோடு போட முடியாது, ஏன்னா அங்க இருக்குறவங்கள்ல நிறையப் பேர் எங்கேர்ந்தோ வந்து அந்த மொழிக்குள்ள நுழைஞ்சவங்க. பெரிய உதாரணம் அஹோம்கள். 1228ல சுகாபான்னு ஒரு தாய் இன இளவரசன் பட்காய் மலையைத் தாண்டி, இன்னிக்கு சீனா பர்மா எல்லைல இருக்குற மாவ் நாட்டுலேர்ந்து ஆட்களோட வந்தான். அவன் வம்சம் 600 வருஷம் ஆண்டுச்சு. ஜெயிச்சவன் தன் மொழியை மத்தவன் மேல திணிப்பான்னுதான நினைப்போம், இங்க உல்டா, ராஜாக்கள் கொஞ்சம் கொஞ்சமா அசாமீஸுக்கு மாறிட்டாங்க, தாய் மொழி இப்ப தேவ்தாய், பைலுங்னு சொல்ற பூசாரிக் குடும்பங்களோட ஓலைச்சுவடிலயும் சடங்குலயும்தான் மிச்சம். அவங்க கொண்டு வந்த ஒரு பழக்கம் மட்டும் ஆழமா வேர் விட்டுச்சு, சம்பவங்களை வரிசையா எழுதி வெக்கிறது. 'புரஞ்சி'ன்னு பேர். முதல்ல தாய் மொழில, அப்புறம் அசாமீஸ் உரைநடைல. எந்த ராஜா என்னிக்கு பட்டத்துக்கு வந்தான், யாரை வெட்டினான், எந்தத் தூதன் வந்தான்னு செய்தித்தாள் மாதிரி இருக்கும். அந்த ராஜாக்களைப் புதைச்ச மேடுகள் சராய்தேவ்ல இருக்கு, 'மைதாம்'ம்பாங்க, 2024ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க.

1671ல சராய்காட்ல, அதாவது இன்னிக்கு குவாஹாட்டிக்குப் பக்கத்துல, பிரம்மபுத்திராவுலயே நடந்த படகுச் சண்டைல லாசித் போர்புகன் மொகலாயப் படையை விரட்டினார். ஜுரத்தோட படகுல ஏறி வந்தார்னு சொல்வாங்க. அரண் கட்டுற வேலைல அசட்டையா இருந்த சொந்த மாமாவையே வெட்டிட்டு, நாட்டைவிட மாமா பெருசு இல்லன்னு சொன்னார்ங்கற கதை அங்க ஒண்ணாங்கிளாஸ் பசங்களுக்கும் தெரியும். எதிர்ல மொகலாயப் படைக்குத் தலைமை தாங்கினது ஆம்பேர் ராஜபுத்திரர் ராம் சிங். அதனால அதை ஹிந்து முஸ்லிம் சண்டைன்னு யாராவது சொன்னா கொஞ்சம் சிரிச்சுட்டு நகர்ந்துருங்க.

இன்னும் ரெண்டு உதாரணம் சொல்றேன். 17ஆம் நூற்றாண்டுல அஜான் ஃபகீர்னு ஒரு சூஃபி வந்தார், அசாமீஸ் கத்துக்கிட்டு அதுலயே ஜிகிர்னு சொல்ற சூஃபிப் பாட்டு எழுதினார், மெட்டு ஹிந்து பக்திப் பாட்டு மெட்டு மாதிரியே இருக்கும், இன்னிக்கும் பாடுறாங்க. அசாமீஸ் முஸ்லிம்கள்ல கோரியா, மோரியான்னு பழைய சமூகங்கள் உண்டு, அவங்க சமீபத்துல பங்களாதேஷ்லேர்ந்து வந்தவங்க இல்ல. அடுத்தது ஜோதி பிரசாத் அகர்வாலா. பேரைப் பாருங்க, மார்வாடி. தாத்தா காலத்துக்கு முன்னாடியே ராஜஸ்தான்லேர்ந்து வந்த குடும்பம். 1935ல முதல் அசாமீஸ் படம் 'ஜொய்மதி'யை எடுத்தது இவர்தான், டீ எஸ்டேட்லயே ஸ்டுடியோ கட்டி எடுத்தார், பாட்டு, நாடகம் எல்லாத்துலயும் கை வெச்சவர், ரூப்கொன்வர்னு பட்டமே குடுத்து வெச்சிருக்காங்க. அவர் நினைவு நாளை அங்க கலைஞர் தினமா கொண்டாடுறாங்க.

ஆனா இதை ரொம்ப ரோஸ் கலர்லயும் பாக்கக்கூடாது. கதவு எல்லாருக்கும் ஒரே அளவு திறக்கல. டீ எஸ்டேட் வேலைக்கு 19ஆம் நூற்றாண்டுல சோட்டா நாக்பூர் பக்கத்துலேர்ந்து கூட்டிட்டு வந்த சந்தால், முண்டா, ஒராவ் மக்களோட வாரிசுகள் லட்சக்கணக்குல இருக்காங்க, அவங்க ஜூமூர் ஆட்டம் இப்ப அசாம் கலாச்சாரம்னு மேடை ஏறுது, ஆனா எஸ்டேட் லைன் வீட்டுக்குள்ள போய்ப் பாத்தா அவங்க வாழ்க்கை ரொம்ப மாறின மாதிரி தெரியாது. அதே மாதிரி போடோக்கள், நாங்க உங்களுக்கு முன்னாடிலேர்ந்து இங்க இருக்கோம், எங்க மொழி வேற குடும்பம், எதுக்கு அசாமீஸ்னு சொல்லிக்கணும்னு கேட்டாங்க, போராடினாங்க, இன்னிக்கு போடோ அரசியலமைப்புச் சட்டத்தோட எட்டாவது அட்டவணைல இருக்கு, மாநிலத்துல இணை ஆட்சி மொழியாவும் இருக்கு. கர்பி, திமாசா, மிசிங் எல்லாருக்கும் இதுல ஒரு பாதி உள்ள பாதி வெளிய நிலைமைதான். தெற்குல பராக் பள்ளத்தாக்குல பெரும்பாலும் சில்ஹெட்டிங்கற பெங்காலிப் பேச்சுதான். அதனால அசாம்லேர்ந்து வந்தவன் எல்லாம் அசாமீஸ்தான்னு எடுத்துக்காதீங்க. உங்க செக்யூரிட்டி பையன் விஷயத்துல மூஞ்சி சுருங்கினதை வெச்சு அசாமீஸ்தான்னு நானும் ஊகிக்கிறேன், அவ்ளோதான்.

இத்தனை பேரையும் சேத்துக் கட்டின கயிறுன்னு ஒண்ணைச் சொல்லணும்னா சங்கரதேவர். 1449ல நகாவ் பக்கம் போர்தோவால பிறந்தவர், 1568 வரைக்கும் இருந்தார்னு மரபு, கணக்கு போட்டா 119 வயசு, நம்புறது உங்க இஷ்டம். ஒரே கடவுள், கிருஷ்ணன், அவர் பேரைச் சொன்னா போதும், சிலை வேண்டாம், பலி வேண்டாம்னு சொன்னார். சக்தி வழிபாடும் காமாக்யா தேவி கோயிலும் கோலோச்சின ஊர்ல இது எவ்ளோ பெரிய கலகம்னு யோசிங்க. அஹோம் ராஜா சந்தேகப்பட்டு அவர் மருமகன் ஹரியைக் கொன்னே போட்டான், இவர் மேற்கே பார்பேட்டா பக்கம் போய், பிற்பாடு கோச் ராஜா நரநாராயணன் ஆதரவுல இருந்தார். அவர் ஆரம்பிச்சு வெச்ச நாம்கர்ங்கற பிரார்த்தனைக் கூடம் இன்னிக்கு கிட்டத்தட்ட ஒவ்வொரு அசாமீஸ் கிராமத்துலயும் இருக்கு.

உள்ள போய்ப் பாருங்க. நீளமா ஒரு ஹால், தகர ஓடு, ரெண்டு பக்கமும் மரத்தூண், கோயில்னு நினைச்சுட்டுப் போனா சாமி எங்கன்னு தேடுவீங்க, கடைசில ஒரு அடுக்கு அடுக்கான மர ஆசனம் மேல துணி போர்த்தின புஸ்தகம் இருக்கும், பாகவதம், அதுக்குத்தான் எல்லா மரியாதையும். நகாரா மேளமும் தட்டு சைஸ்ல பெரிய பெரிய தாளமும் சேர்ந்து அடிக்க ஆரம்பிச்சா தரை அதிரும். பிரசாதமா ஊற வெச்ச பயறு, கொண்டைக்கடலை, தேங்காக் கீத்து, இஞ்சி, வாழைப்பழம்னு ஒரு வாழை இலைத் துண்டுல குடுப்பாங்க. கிராமத்துப் பஞ்சாயத்தும் அங்கதான், வரப்புத் தகராறுலேர்ந்து ஓடிப்போன கல்யாணம் வரைக்கும். ராத்திரி முழுக்க நடக்குற பாவோனா நாடகமும் அங்கதான், நடிக்கிறது எல்லாம் ஊர் ஆளுங்க, மளிகைக் கடைக்காரர் ராவணனா வருவார். மடங்களுக்கு சத்ரம்னு பேர், மாஜுலி தீவுல நிறைய இருக்கு, அங்க பிரம்மச்சாரி துறவிகள் ஆடிட்டிருந்த ஆட்டம்தான் சத்ரியா, 2000ல சங்கீத நாடக அகாடமி அதை சாஸ்திரிய நடனமா ஏத்துக்கிட்டாங்க, பரதநாட்டியத்தோட ஒரே வரிசைல. பெருமை பேசுறப்போ குறையும் சொல்லணும், எல்லாரும் சமம்னு ஆரம்பிச்ச இந்த வழிலயே பார்பேட்டா கீர்த்தன்கர்ல பெண்களை உள்ள விடாத வழக்கம் இருந்து, அது பெரிய சர்ச்சையே ஆச்சு.

ராமாயணம் பத்தி ஒரு வரி. சங்கரதேவருக்கும் முன்னாடியே, 14ஆம் நூற்றாண்டுல, மாதவ கந்தலி ராமாயணத்தை அசாமீஸ்ல எழுதிட்டார், துளசிதாசருக்கு 200 வருஷம் முன்ன. நம்ம கம்பர் அதுக்கும் முந்தி, அது வேற.

அப்புறம் பிஹு. வெளில தெரியுறது ஒண்ணுதான், ஏப்ரல்ல வர்ற ரொங்காலி பிஹு, நம்ம சித்திரை ஒண்ணு வர்ற அதே சமயம், சூரியக் கணக்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணு. ஆனா பிஹு மூணு. அக்டோபர் நடுவுல கொங்காலி பிஹு, நெல்லு வயல்ல நிக்கும் குதிர் காலியா இருக்கும், அதனால கொண்டாட்டம்லாம் இல்ல, வயல்லயும் துளசி மாடத்துலயும் ஒரு விளக்கு, அவ்ளோதான். ஜனவரில போகாலி பிஹு, நம்ம பொங்கல் நேரம். அதுக்கு முந்தின ராத்திரி 'உருக்கா'. வைக்கோலும் மூங்கிலும் வெச்சு வயல்ல ஒரு குடிசை கட்டி பசங்க ராத்திரி முழுக்க அங்கயே சமைச்சு சாப்பிட்டுக் கிடப்பாங்க, மீனு, வாத்து, கறி. அன்னிக்கு அடுத்தவன் வேலி மூங்கிலையோ தோட்டத்துக் காய்கறியையோ திருடினா தப்பில்லன்னு ஒரு எழுதாத சட்டம், திட்டுவாங்க, ஆனா போலீசுக்குப் போக மாட்டாங்க. விடிகாலைல குளிச்சுட்டு 'மேஜி'ன்னு கட்டி வெச்சிருக்குற விறகுக் கோபுரத்தைக் கொளுத்துவாங்க.

ரொங்காலிக்கு முதல் நாள் மாட்டுக்கு. மஞ்சளும் உளுந்தும் அரைச்சுப் பூசி ஆத்துல குளிப்பாட்டி, சுரைக்காய் கத்திரிக்காய்த் துண்டைத் தூக்கிப் போட்டு, சுரைக்காய் தின்னு, கத்திரிக்காய் தின்னு, வருஷா வருஷம் வளருன்னு பாடுவாங்க. மறுநாள் மனுஷங்களுக்கு, வீட்டுல நெய்த கமோசாவைப் பெரியவங்களுக்குக் குடுத்துக் கும்பிடுவாங்க. கமோசான்னா வெள்ளைல சிவப்புப் பூ போட்ட துண்டு, முகம் துடைக்கவும் அதான், நாம்கர்ல புஸ்தகத்துக்குப் போர்த்தவும் அதான், மந்திரிக்கு மரியாதை பண்ணவும் அதான், 2022ல புவிசார் குறியீடும் வாங்கிட்டாங்க. அப்புறம் ஒரு மாசம் ஊரே ஆட்டம்தான். டோல் மேளம், எருமைக் கொம்புல செஞ்ச பேப்பா, வாய்ல வெச்சுத் தெறிக்கவிடுற மூங்கில் ககனா. பாட்டெல்லாம் பச்சையான காதல் பாட்டு, 19ஆம் நூற்றாண்டுல படிச்ச அசாமீஸ் பெரிய மனுஷங்களே இதை அசிங்கம்னு சொல்லி தடை பண்ணணும்னு எழுதினவங்கதான். 1952ல குவாஹாட்டி லதாசில் மைதானத்துல மேடை ஏத்தின பிறகுதான் பட்டணத்துக்காரனுக்கு மரியாதையான சமாச்சாரமா ஆச்சு. 2023ல ஒரே ஸ்டேடியத்துல 11,000 பேருக்கு மேல ஆடி கின்னஸ்ல ஏத்தினாங்க, எனக்கென்னமோ அதைவிட ஒரு வீட்டு முத்தத்துல இருபது பேர் வந்து ஹுசரின்னு வீடு வீடா பாடுற பிஹு பாட்டைப் பாடி, வெத்தலை பாக்கும் காசும் வாங்கிட்டு, குனிஞ்சு ஆசீர்வாதம் பண்ணிட்டு அடுத்த வீட்டுக்குப் போறது பாக்கத்தான் நல்லா இருக்கும்.

சாப்பாடு நமக்கு செட் ஆகும், பயப்படாதீங்க. மூணு வேளையும் சோறு, எண்ணெயும் மசாலாவும் கம்மி. முதல் கவளத்துக்கு 'கார்', கடைசிக்கு 'தெங்கா'. தெங்கான்னா புளிப்பு மீன் குழம்பு, தக்காளியோ எலுமிச்சையோ ஒவ்-தெங்காங்கற காயோ போடுவாங்க. கார் நம்ம காரம் இல்ல, அது வேற சமாச்சாரம். நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா, பைதேவுன்னுதான் கூப்பிடுவேன், அக்கான்னு அர்த்தம், டீச்சரம்மாவையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க, அவங்க செய்யறதைப் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். பீம் கொல்னு விதை வாழை ஒண்ணு உண்டு, அதோட தோலை வெயில்ல முறுக காயவெச்சு எரிச்சு, சாம்பலை அடில ஓட்டை போட்ட கொட்டாங்கச்சில அடைச்சு, மேல தண்ணிய மெதுவா ஊத்துவாங்க. கீழ பழுப்பு கலர்ல சொட்டு சொட்டா இறங்கும். அந்தத் தண்ணிதான் கார். பப்பாளிக்காயையும் மீன் தலையையும் அதுல வேகவெச்சு, மேல பச்சை கடுகெண்ணெய் சுத்தி இறக்கினா முடிஞ்சது. சோப்பு வாசனை மாதிரி ஒண்ணு வரும் முதல்ல, உண்மைலயே அந்தக் காலத்துல துணி துவைக்கவும் தலைக்குத் தேய்க்கவும் அதே தண்ணிதான். ஒரு வாரம் சாப்பிட்டா நாக்கு பழகிடும், வயித்துக்கு நல்லதுன்னு அங்க சொல்வாங்க.

காலைல கோமல் சாவுல்னு ஒரு அரிசி, அடுப்பே வேண்டாம், தண்ணில ஊறவெச்சா சோறாயிடும், தயிரும் வெல்லமும் போட்டு சாப்பிடலாம். வீட்டுக்கு யார் போனாலும் பாக்கு வெத்தலை வரும், ஆனா பாக்கு பச்சைப் பாக்கு, பழக்கமில்லாதவனுக்கு காது சூடாகி தலை சுத்தும், சின்னத் துண்டா எடுங்க.

பட்டு பத்தி சுருக்கமா, மூணு வகை. வெள்ளைப் பட்டு, குளிருக்கு எரி, தங்கக் கலர்ல மூகா. மூகாவுக்கு சாயம் கிடையாது, அந்தக் கலரே அதுதான், துவைக்கத் துவைக்க மினுமினுக்கும், விலையும் அப்படித்தான். சுவால்குச்சி போனா தறிச் சத்தத்துலயே தெருவைக் கண்டுபிடிக்கலாம். பெண்கள் கட்டுறது மேகலா சாதர், புடவை மாதிரி தெரியும், ஆனா ரெண்டு துண்டு.

வெளில யாருக்கும் தெரியாத, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐட்டம் ஒண்ணு இருக்கு, நகரும் தியேட்டர், 'ப்ராம்யமான்'. 1963ல பாட்சாலாங்கற ஊர்ல அச்சுத் லஹ்கர் நடராஜ் தியேட்டர்னு ஆரம்பிச்சார். லாரில மேடை, ஜெனரேட்டர், நாற்காலி, நூறு பேருக்கு மேல ஆட்கள், சமையல்காரர் வரைக்கும் ஏத்திக்கிட்டு ஆகஸ்ட்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் ஊர் ஊரா போவாங்க, ஒரு ஊர்ல மூணு நாலு நாள். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மேடை போட்டு, ஒண்ணுல சீன் நடக்குறப்போ இன்னொண்ணுல அடுத்த செட்டை மாத்திடுவாங்க, அதனால சினிமா கட் மாதிரி ஓடும். டைட்டானிக் கப்பலை மேடைலயே மூழ்கடிச்சுக் காட்டினவங்க இவங்க. சினிமா ஹீரோக்கள் சினிமாவை விட்டுட்டு சீசனுக்கு இங்க வர்றாங்க, ஏன்னா காசு இங்கதான் ஜாஸ்தி.

பாட்டுன்னா பூபேன் ஹசாரிகா, 2019ல பாரத ரத்னா குடுத்தாங்க, அவர் போன அப்புறம். அடுத்த தலைமுறைக்கு ஜுபீன் கர்க், 2025 செப்டம்பர்ல சிங்கப்பூர்ல இறந்தப்போ குவாஹாட்டி ரோட்டுல நின்ன கூட்டத்தை வீடியோல பாத்திருப்பீங்க. நம்ம ஊர்ல அந்த மாதிரி கூட்டம் தலைவர்களுக்கும் சினிமா நட்சத்திரங்களுக்கும்தான் வரும், அங்க பாட்டுக்காரருக்கு வந்துச்சு.

இப்ப அரசியல், தவிர்க்க முடியாது. 1873ல மொழி திரும்ப கிடைச்சாலும் பயம் போகல. 1960ல அசாமீஸை ஆட்சி மொழியா சட்டம் போட்டாங்க, பராக் பள்ளத்தாக்கு பெங்காலிகள் எதிர்த்தாங்க, 1961 மே 19 சில்சர் ஸ்டேஷன்ல போலீஸ் சுட்டு 11 பேர் செத்தாங்க. அதாவது 1836ல தனக்கு நடந்ததையே இவங்க அடுத்தவங்களுக்குப் பண்ணப் பாத்தாங்க, இதை அசாம் நண்பர்கள்கிட்டயே நான் சொல்லியிருக்கேன், ஒத்துக்கிட்டவங்களும் உண்டு கோவப்பட்டவங்களும் உண்டு. அப்புறம் 1979லேர்ந்து 1985 வரைக்கும் வெளிநாட்டுக்காரங்களைக் கண்டுபிடிச்சு அனுப்புன்னு மாணவர் போராட்டம், அதுக்கு நடுவுல 1983 பிப்ரவரில நெல்லில ஒரே நாள்ல 2,000 பேருக்கு மேல, பெரும்பாலும் பெங்காலி வம்சாவளி முஸ்லிம்கள், கொல்லப்பட்டாங்க, யாருக்கும் தண்டனை இல்ல. போராட்டத்தை முடிச்ச 1985 ஒப்பந்தத்துல 1971 மார்ச் 24 தான் கடைசித் தேதி, அதுக்கு அப்புறம் வந்தவங்களை வெளியேத்தணும்னு வெச்சாங்க. அதை வெச்சு எடுத்த குடிமக்கள் பதிவேடு 2019ல வந்தப்போ 19 லட்சம் பேரோட பேர் அதுல இல்ல, விடுபட்டவங்கள்ல ஹிந்து, முஸ்லிம், பழங்குடி எல்லாரும் இருந்தாங்க. பக்கத்து நாடுகள்லேர்ந்து வந்த முஸ்லிம் அல்லாதவங்களுக்குக் குடியுரிமை குடுக்குற 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை அசாமும் எதிர்த்துச்சு டெல்லியும் எதிர்த்துச்சு, ஆனா காரணம் வேற. டெல்லில முஸ்லிமை ஏன் விட்டேன்னு கேட்டாங்க, அசாம்ல எந்த மதமானாலும் இன்னும் ஆளைச் சேக்காதேன்னாங்க.

நம்பர் வேணும்னா, 2011 கணக்குப்படி நாடு முழுக்க அசாமீஸ் தாய்மொழிக்காரங்க சுமார் 1.53 கோடி. அசாமுக்குள்ள 48.4 சதவீதம், பெங்காலி 29 சதவீதம் கிட்ட. சொந்த மாநிலத்துலயே பாதிக்கும் கம்மி. இதுல இன்னொரு சிக்கல், ஆத்துத் திட்டுகள்ல இருக்குற பெங்காலி வம்சாவளி முஸ்லிம்கள்ல நிறையப் பேர் சுதந்திரத்துக்கு அப்புறம் கணக்கெடுப்புல அசாமீஸ்தான் எங்க மொழின்னு எழுதிக் குடுத்தவங்க, பசங்களை அசாமீஸ் மீடியம்ல படிக்க வெச்சவங்க. அவங்க மாத்தி எழுதினா அந்த 48 இன்னும் இறங்கும். யாரைக் கண்டு பயப்படுறாங்களோ அவங்களை நம்பித்தான் நம்பரே நிக்குது. 2024 அக்டோபர்ல அசாமீஸுக்குச் செம்மொழி அந்தஸ்து வந்துச்சு, அதே நாள்ல பெங்காலிக்கும் வந்துச்சு, கொண்டாட்டத்துல அதைப் பத்திப் பேசினவங்க கம்மி.

செக்யூரிட்டி பையன்கிட்ட அடுத்த தடவை பெங்காலியான்னு கேக்காம, 'பாலே ஆஸேனே?'ன்னு கேளுங்க, நல்லா இருக்கீங்களான்னு அர்த்தம், அப்புறம் ஊரு எதுன்னு கேட்டா அவரே எல்லாம் சொல்லுவார், நிறுத்த மாட்டார்.

போறதுக்கு நல்ல நேரம்னா ஏப்ரல் ரெண்டாவது வாரம், பிஹு, இல்லன்னா நவம்பர்லேர்ந்து பிப்ரவரி. நவம்பர் பௌர்ணமிக்கு மாஜுலில ராஸ் நடக்கும், சத்ரங்கள்ல முகமூடி போட்டு கிருஷ்ண நாடகம், ஜோர்ஹாட் பக்கம் நிமாத்தி காட்லேர்ந்து ஃபெரில போகணும். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வேண்டாம், வெள்ளம், காசிரங்காவும் மழைக்காலத்துல மூடிடுவாங்க. டைம் இருந்தா ட்ரெய்ன்ல போங்க, கன்னியாகுமரிலேர்ந்து திப்ருகர் போற விவேக் எக்ஸ்பிரஸ் கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், காட்பாடி வழியாதான் போகுது, 4,000 கிலோமீட்டருக்கு மேல. பிஹுவுக்கு இங்க வேலை பாக்குற பசங்க எல்லாம் அந்த வண்டிலதான் ஊருக்குப் போவாங்க, அதனால ஏப்ரல்னா ரிசர்வேஷன் திறக்குற அன்னிக்குக் காலைலயே டிக்கெட் போட்ருங்க.